காற்றிலும் முறை வைக்க வேண்டும்: பெரம்பலூர், அரியலூர் கிராமங்களுக்கு கம்பியில்லா இணையமும் சேனல் பங்கீடும்

(ஊராட்சிச் செயலர்கள், இ-சேவை மையப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. இதழியல் படித்தவள். "இந்தச் சான்றுக்கு எந்த ஆவணம் இணைக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு" என்று நீங்கள் படிக்கிற அந்த நாலு வரியை எழுதுவதுதான் என் வேலை. அப்படிப்பட்ட ஆள் ரேடியோ சேனல் பத்திப் பேச வந்திருக்கேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

என் சித்தி மகளுக்கு கல்லூரி சேர்க்கைக்காக முதல் பட்டதாரி சான்று பதிவேற்ற வேண்டியிருந்தது. அன்றுதான் கடைசி நாள். அந்தச் சான்று இருந்தால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும், இல்லையென்றால் கிடையாது. எங்கள் குடும்பத்துக்கு அது சின்னப் பணம் இல்லை. ஊரில் ஒரு சேவை மையம் இருந்தது. ஊராட்சி அலுவலகப் பக்கமிருந்து டிஷ் வைத்து காற்று வழியாக இணையம் எடுத்திருந்தார்கள். கணினியில் சிக்னல் முழுசாகக் காட்டியது, ஒரு கோடு கூடக் குறையவில்லை. ஆனால் பக்கம் திறக்கவில்லை. பாதி ஏறும், நிற்கும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் மாலை ஐந்து வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் சித்தப்பா வண்டியில் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஏற்றினார்.

ரெண்டு வாரம் கழித்து, கேமரா மாட்டும் வேலை செய்கிற ஒரு அண்ணன் வந்து பார்த்தார். பக்கத்துத் தெரு டேங்க் மேல் புதிதாக வேறொருவர் ஒரு டிஷ் வைத்திருந்தார். ரெண்டும் ஒரே சேனலில் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் மடிக்கணினியைத் திறந்து சேனலை மாற்றினார். ஐந்து நிமிட வேலை. "சிக்னல் ஃபுல்லா இருந்துச்சேண்ணே?" என்று கேட்டேன். "சத்தம் இருந்துச்சும்மா, பேச்சு புரியல" என்றார்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நம் ஊருக்குப் பயன்படுவதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஆடி மாசத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே ஊரில் மூன்று கோயில், மூன்றிலும் குழாய் ரேடியோ கட்டியிருக்கிறார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் பாடினால் எந்தப் பாட்டும் காதில் விழாது. சத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் பாட்டுதான் இல்லை. இதற்கு மூன்று வழி உண்டு. ஒவ்வொன்றும் முறை வைத்துப் பாடலாம். குழாயை வேறு வேறு பக்கம் திருப்பிக் கட்டலாம். சத்தத்தைக் குறைக்கலாம். ரேடியோவில் நாலாவதாக ஒரு வழியும் இருக்கிறது. அதுதான் வேறு சேனலுக்குப் போவது. சேனல் பங்கீடு என்பது இந்த நான்கையும் சேர்த்து யோசிக்கிற வேலை.

இது நமக்கு எதற்கு என்றால், பாரத்நெட் திட்டம் தொடங்கியபோது அதன் இலக்கு ஊராட்சி வரைக்கும்தான் இருந்தது. தமிழகத்தில் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துடையது. நம் பக்கம் பெரம்பலூரில் 121 ஊராட்சி, அரியலூரில் 201, ஆக 322. ஆனால் ஒரு ஊராட்சி என்பது ஒரு ஊர் இல்லையே! தாய்க் கிராமத்திலிருந்து இரண்டு, மூன்று, சில இடத்தில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி குக்கிராமங்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் கம்பி இழுக்க ஆகும் காலம் அதிகம். பச்சைமலை மேல் இருக்கிற ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கெல்லாம் கம்பி முடிகிற இடத்திலிருந்து ரேடியோ மூலம் தாவித் தாவிப் போவதுதான் கைக்கு எட்டும் வழி. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம், அங்கிருந்து இன்னொன்று, ஒன்று விழுந்தாலும் வேறு பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்று வலை மாதிரிப் பின்னுவதைத்தான் மெஷ் என்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் சாரி என்ற திட்டத்தில் கிராம இணைய மையங்கள் தொடங்கின. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாக் கருவியில்தான் அவை ஓடின. சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை விண்ணப்பமெல்லாம் கிராமத்திலிருந்தே அனுப்பிப் பார்த்தார்கள். இன்றைய இ-சேவைக்கு அது ஒரு பாட்டன் முறை என்று சொல்லலாம். பின்னாளில் அந்த மையங்களில் பல மூடப்பட்டன. அது தனிக்கதை. நமக்கு வேண்டியது ஒரு சின்ன விவரம்: அந்தக் கருவி 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸுக்குள் எந்தச் சேனல் காலியாக இருக்கிறது என்று தானே கேட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளும். ஆள் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. நாம் இன்று வாங்கிவந்து மாட்டுகிற வைஃபை டிஷ்ஷுக்கு அந்த அளவு சாமர்த்தியம் பெரும்பாலும் கிடையாது.

அடுத்தது தேனி. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து, கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு நீண்ட தூர வைஃபை மூலம் இணைத்தார்கள். முதலில் ஐந்து மையங்கள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கிற பாட்டியோடு தேனியில் இருக்கிற டாக்டர் வீடியோவில் பேசினார். கடையில் கிடைக்கிற வைஃபை அட்டை, பெரிய ஆன்டெனா, மாற்றி எழுதிய மென்பொருள், இவ்வளவுதான் கருவி. வீட்டு வைஃபை ஏன் நேரடியாக உதவவில்லை என்றால், அது செய்தி அனுப்பிவிட்டு "வந்துச்சு" என்ற பதிலுக்கு மிகக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். பத்து கிலோமீட்டர் போக ரேடியோ அலைக்கு 33 மைக்ரோ செகண்ட் ஆகும், திரும்பி வர இன்னொரு 33. அதற்குள் பொறுமை இழந்து மறுபடி அனுப்பும்.

அந்தக் குழு பின்னாளில் எழுதிய கட்டுரையில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. அவர்களை அதிகம் படுத்தியது அலை இல்லை, கரண்ட். மின்னழுத்தம் திடீரென்று எகிறிக் கருவியைப் பொசுக்குவதும், அழுத்தம் குறைந்து பாதியில் செத்துக் கிடப்பதும்தான் பெரிய தலைவலி. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேனல் திட்டம் போடும்போது அதே தாளில் பேட்டரி, ஸ்டெபிலைசர், எர்த்து மூன்றுக்கும் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள்.

இப்போது சட்டம். ஒரே நிமிஷம்தான், ஆனால் முக்கியம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2005 ஜனவரியிலிருந்து உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கூடியது. கருவி வெளியிடும் சக்தி 1 வாட், ஆன்டெனா குவித்துத் தருவதையும் சேர்த்து 4 வாட், அதுதான் உச்சவரம்பு. இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 24 டெசிபெல் குவிக்கிற பெரிய டிஷ் வாங்கினால் அது சுமார் 250 மடங்கு குவிக்கும். 4 வாட்டை 250-ஆல் வகுத்தால் 16 மில்லிவாட். அதற்கு மேல் கருவியில் வைத்தால் வரம்பு மீறல். டிஷ் பெரிசாக ஆக, சக்தியைக் குறைக்க வேண்டும். நடைமுறையில் என்ன செய்கிறோம்? பெரிய டிஷ்ஷும் மாட்டி, சக்தியையும் கடைசி வரை திருகி வைக்கிறோம். குழாய் ரேடியோ கதைதான்!

5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2018 அக்டோபரில் விரிவாகத் திறந்துவிடப்பட்டது. 5150 முதல் 5350, 5470 முதல் 5875, மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். 2.4-இல் இருப்பதோ எண்பத்து மூன்றரை. அதில் சேனல் எண்கள் 13 இருந்தாலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 என மூன்றுதான். எண் 3-லும் 4-லும் ஆளுக்கொன்றாக வைத்துவிட்டு "வேற வேற சேனல்தானே சார்" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவை பாதி வரப்பைப் பகிர்ந்துகொள்கிற வயல்கள், ஒன்றில் தண்ணீர் விட்டால் மற்றதிலும் பாயும்.

உரிமம் வேண்டாம் என்பதற்கு விலை உண்டு. அரசாணை வாசகத்தின் பொருள் இதுதான்: நீங்கள் யாருக்கும் இடையூறு செய்யக் கூடாது, உங்களுக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பு கேட்க முடியாது, எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதாவது பக்கத்து டேங்க்காரர் உங்கள் சேனலில் வந்து உட்கார்ந்தால் புகார் கொடுத்துக் காலி பண்ண வைக்க வழியில்லை. பேசித்தான் தீர்க்க வேண்டும். கருவிக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு வகை ஒப்புதல் இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போது கேளுங்கள்.

சரி, பங்கீட்டுக்கு வருவோம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏன்னா எனக்கே இது புரிய ஒரு வாரம் ஆச்சு.

ஒரு டேங்க் உச்சியில் இரண்டு டிஷ் இருக்கிறது. ஒன்று வடக்கே, ஒன்று கிழக்கே பார்க்கிறது. இரண்டும் ஒரே சேனல். வடக்கு டிஷ் பேசும்போது, அதன் முதுகிலிருந்தும் விலாவிலிருந்தும் கசிகிற அலை பக்கத்து டிஷ் காதில் இடி மாதிரி விழும். பத்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிற மெல்லிய குரல் அதற்கு எப்படிக் கேட்கும்? ஆக ஒன்று பேசினால் மற்றது சும்மா இருக்க வேண்டும். பாதி நேரம் வீண்.

கான்பூர் ஐஐடியில் பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமங்களுக்கு இப்படி நீண்ட தூர வைஃபை வலை போட்டுப் பார்த்தவர்கள். அவர்கள் 2005-இல் ஒரு யோசனை சொன்னார்கள். ஒரு கம்பத்தில் இருக்கிற எல்லா டிஷ்ஷும் ஒரே நேரத்தில் பேசட்டும், பிறகு ஒரே நேரத்தில் எல்லாம் கேட்கட்டும். எல்லாரும் பேசும்போது கேட்க வேண்டிய ஆளே அங்கு இல்லை, கசிவு யாரையும் கெடுக்காது. எல்லாரும் கேட்கும்போது கத்த ஆளில்லை. டிஷ்களுக்கு இடையே 30 டிகிரி அளவாவது கோணம் இருந்தால் ஒரே சேனலில் இது நடக்கும். எவ்வளவு சுலபமான யோசனை பாருங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. நான் பேசும் நேரத்தில் எனக்கு எதிரே இருக்கும் கம்பங்கள் எல்லாம் கேட்கும் முறையில் இருக்க வேண்டும். இங்கேதான் நம்ம ஊர் வரைபடம் வருது. இது அரசின் திட்டம் இல்லை, கணக்கு புரிவதற்காக நான் தாளில் போட்டுப் பார்த்தது.

அரியலூர், செந்துறை, ஜெயங்கொண்டம் மூன்றையும் ஒரு முக்கோணமாக இணைப்பதாக வையுங்கள். அரியலூர் பேசுகிறது. செந்துறையும் ஜெயங்கொண்டமும் கேட்கின்றன. அப்படியானால் செந்துறைக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் உள்ள இணைப்பு? இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கின்றன, ஒரே நேரத்தில் பேசுகின்றன. இருவரும் வாயைத் திறந்தால் யார் கேட்பது? முக்கோணம் ஒரே சேனலில் ஓடாது. அந்த மூன்றாவது இணைப்புக்கு மட்டும் இரண்டாவது சேனல் வேண்டும்.

இப்போது ஆண்டிமடத்தை உள்ளே கொண்டு வாருங்கள். அரியலூரிலிருந்து செந்துறை, அங்கிருந்து ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், திரும்ப அரியலூர். நாலு முனை. அரியலூரும் ஆண்டிமடமும் பேச, செந்துறையும் ஜெயங்கொண்டமும் கேட்கும். அடுத்த நொடித் துண்டில் மாறிக்கொள்ளும். ஒரே சேனலில் முழு வட்டமும் ஓடிவிடுகிறது! சுற்றுப்பாதையில் இரட்டைப்படை இணைப்பு இருந்தால் ஒரு சேனல் போதும், ஒற்றைப்படை வந்தால் போதாது. பாஸ்கரன் ராமன் 2006-இல் மெஷ் வலைகளுக்கான சேனல் பங்கீடு பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். அதன் அடிப்படை இதுதான்: எந்த ஒரு சேனலை எடுத்தாலும், அதில் வருகிற கம்பங்களை இரண்டு அணியாகப் பிரிக்க முடிய வேண்டும், ஒரே அணிக்குள் இணைப்பு இருக்கக் கூடாது. கபடி மாதிரி, ஆட்டம் எதிரணியோடு மட்டும்தான். இந்தக் கணக்கில் போனால், தாளில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் வரையக் கூடிய எந்த வலைக்கும் இரண்டே சேனல் போதும். 322 ஊராட்சிக்கு 322 சேனல் வேண்டுமோ என்று பயந்தவள் நான்.

கணிதம் இரண்டு என்று சொன்னாலும் தரையில் கூடுதலாகவே வேண்டியிருக்கும். 30 டிகிரிக்குள் இரண்டு ஊர் ஒரே திசையில் இருந்தால் பிரித்தாக வேண்டும். தனியார் ஆட்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சேனலை விட்டு விலக வேண்டும். ஒரே கம்பத்தில் இரண்டு சேனல் வந்தால் பக்கத்துப் பக்கத்து எண் போடாதீர்கள். 149-உம் 153-உம் போடுவதைவிட 149-உம் 165-உம் நல்லது. முன்னது 5745, பின்னது 5825 மெகாஹெர்ட்ஸ், நடுவில் 80 இடைவெளி. 5250 முதல் 5350, 5470 முதல் 5725 வரையுள்ள பகுதியில் ரேடார்களும் உண்டு. ரேடார் ஒலி கேட்டால் கருவி தானாகச் சேனலை விட்டு விலகும் வசதி இருக்கும். அப்படி விலகினால் எங்கே போய் உட்காரும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அது போய் நிற்பது பக்கத்து ஊர் சேனலாக இருக்கும்.

இந்தப் 'பேசு, கேள்' முறைக்கு எல்லாக் கம்பத்துக்கும் ஒரே கடிகாரம் வேண்டும். இன்று சந்தையில் இருக்கிற ஜிபிஎஸ் வைத்த கருவிகள் அதைச் செய்கின்றன. விலை கூடுதல்தான். எல்லா இடத்துக்கும் வேண்டாம், நாலைந்து டிஷ் கூடுகிற நடுக்கம்பங்களுக்கு மட்டுமாவது அதைக் கேளுங்கள். விலைப்புள்ளியில் அந்த வரியை அடித்துவிட்டு மிச்சம் பிடிப்பது, மடை கட்டாமல் வாய்க்கால் வெட்டுவது மாதிரி.

குக்கிராமத்துக் கடைசிக் கம்பங்களில் இன்னொரு தவறு நடக்கும். ஒரே ரேடியோ உள்ள பெட்டியை வரிசையாக வைத்துக்கொண்டே போவார்கள். வாங்கிய அதே சேனலில்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் ஒரு தாவலில் வேகம் பாதியாகும், அடுத்த தாவலில் மூன்றில் ஒரு பங்குக்கு வரும். நாலாவது வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சொட்டு நீர்தான். ஊருக்கு ஊர் தாவ 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ, மக்கள் போனில் பிடிக்க 2.4-இல் இன்னொன்று. இது அடிப்படை.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. நேருக்கு நேர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. 10 கி.மீ. இணைப்பில், 5.8 கிகாஹெர்ட்ஸில், நடு வழியில் அலைக்குச் சுற்றிலும் 11 மீட்டர் அளவு இடம் வேண்டும். அதில் பத்தில் ஆறு பங்காவது, ஏழு மீட்டர் என்று வையுங்கள், மரமோ கட்டடமோ இல்லாமல் இருக்க வேண்டும். பூமி வளைவுக்கு இன்னொரு ஒன்றரை மீட்டர். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பும் யூக்கலிப்டஸும் நிறைய. சித்திரையில் மரம் காய்ந்து நிற்கும்போது அளந்துவிட்டுப் போனால், கார்த்திகையில் இலையில் ஈரம் நிற்கும்போது இணைப்பு படுத்துவிடும். ஆடிக் காற்று டிஷ்ஷைத் திருப்பிவிடும். அதனால் ஒருமுறை மாட்டியதோடு வேலை முடியாது, வருஷத்துக்கு இரண்டு முறை ஏறிப் பார்க்க ஆள் வேண்டும். குடிநீர் டேங்க் நமக்குக் கிடைத்திருக்கிற நல்ல கோபுரம். டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் சொல்லாமல் யாரும் மேலே ஏறாதீர்கள். டேங்க் கழுவும் நாள் அவருக்குத்தான் தெரியும், கேபிள் எங்கே போகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் எழுதி வைப்பது? நீங்கள்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது, எந்தப் புல எண் யாருடையது என்று பார்த்துச் சொல்லிவிடுவார். காற்றுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. டிஷ் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எந்தத் திசை பார்க்கிறது, சேனல் எண், அகலம் 20-ஆ 40-ஆ, எவ்வளவு சக்தி, யார் மாட்டியது, எந்தத் தேதி, போன் எண். ஒரு நோட்டில் எட்டு கட்டம். உங்கள் ஊராட்சியில் தனியார் வைத்திருக்கும் டிஷ்ஷையும் சேர்த்து எழுதுங்கள். கேட்டால் சொல்வார்கள், அவர்களுக்கும் இதே தொல்லைதான். பிறகு பக்கத்து ஊராட்சி நோட்டோடு ஒப்பிடுங்கள். அலைக்கு ஊராட்சி எல்லை தெரியாது, மாவட்ட எல்லையும் தெரியாது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல் திரும்பப் பிரிந்த கதை உங்களுக்குத் தெரியும். சேனல் விஷயத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

அகலம் என்று சொன்னேன் இல்லையா, அதில்தான் ஆசை வரும். 80 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் வேகம் காட்டும் எண் பெரிதாகத் தெரியும். ஆனால் நீங்கள் ஒருவரே நாலு பேர் பங்கை எடுத்துக்கொள்கிறீர்கள், இரைச்சலையும் நாலு மடங்கு அள்ளுகிறீர்கள். ஒரு வருமானச் சான்று விண்ணப்பம் ஏற்ற அவ்வளவு வேகம் வேண்டியதே இல்லை. வேண்டியது அறுந்துபோகாத இணைப்பு. என் சித்தி மகளுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது இருநூறு கேபி அளவுள்ள ஒரே ஒரு கோப்பு போய்ச் சேருவதுதான். அவள் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

உங்கள் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். இரண்டு மாவட்டத்தின் பத்து ஒன்றியங்களும் புள்ளியாக இருக்கும். டீ வருவதற்குள் உங்கள் ஒன்றியத்திலிருந்து கோடு போட்டு, முக்கோணம் எங்கே வருகிறது என்று மட்டும் வட்டமிட்டு வையுங்கள். வேப்பந்தட்டையிலிருந்து வந்திருக்கிறவர்கள் பச்சைமலைப் பக்கம் கோடு போடும்போது, மலை முகடு குறுக்கே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மேலே ஒரு நடுக்கம்பம் இல்லாமல் முடியாது. டீக்கு அப்புறம் அதிலிருந்து ஆரம்பிப்போம்.